நானா உடைத்த மதில்

நாங்கள் வீடு கட்டிய இடம் முன்பு தென்னங்காணி. யுத்தம் முடிந்து, தலைமன்னாருக்கு மறுபடி றெயில் ஓடத் தொடங்கிய காலத்தில் காணிக்காரர் அதைத் துண்டுகளாகப் பிரித்து விற்றார். மன்னார் பட்டினத்தை விட்டுச் சற்று வெளியே, தலைமன்னார் வீதியிலிருந்து பிரிந்து இறங்கும் ஓர் ஒழுங்கை. இரு பக்கமும் புதிதாக எழும்பிய வீடுகள். ஒழுங்கை முடியுமிடத்தில் தரவை. மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும், வெயில்காலத்தில் உப்புப் பூக்கும் வெட்டவெளி அது. அதற்கப்பால் கடல்.

என் கணவர் றெயில்வேயில் கார்ட். நான் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் பிரிவில் வேலை செய்தேன். கலியாணம் முடித்த நாள்முதல் வவுனியாவில் வாடகை வீடுகளில்தான் இருந்தோம். சுவரில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும். ஒரு வீட்டுக்கார அம்மா எங்கள் திருஇருதயப் படத்தை மாட்டவே விடவில்லை. அலுமாரிக்கு மேலே சாத்தி வைத்துத்தான் செபம் சொன்னோம். ஆகவே சொந்த வீட்டில் சுவர்ப்பூச்சுக் காய்ந்ததும் நான் செய்த முதல் வேலை ஆணி அடித்ததுதான். ஒன்று போதும். நான் நான்கு அடித்தேன்.

"புதுச் சுவர், வெடிக்கப்போகுது!" என்று கணவர் கத்தினார்.

வெடித்தது. அந்த வெடிப்பையும் நான் சந்தோஷமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் சுவர், என் வெடிப்பு.

வீட்டுச் சொந்தக்காரரான பிறகுதான் அதற்கென்று தனியாக ஒரு கவலை உலகமே இருப்பது தெரிந்தது. குப்பை லொறி வீதியோடு போய்விடும், ஒழுங்கைக்குள் வராது. தெருவிளக்கு ஒன்று எரிந்தால் மற்றது எரியாது. எல்லாவற்றிலும் பெரிய கவலை கழுதைகள். மன்னாரில் கழுதைக்கு ஆட்களைவிட உரிமை அதிகம். நட்டு இரண்டு இலை விட்ட வாழையை, பப்பாசியை, ஆசையாய் வைத்த குறோட்டனைக்கூட விடாது. ஒழுங்கையின் தொடக்க வீட்டில் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் இருந்தார். நாங்கள் போஸ்ட்மாஸ்டர் ஐயா என்போம். ஒழுங்கையின் வாயிலுக்குப் பொதுவாக ஒரு பெரிய படலை போடுவோம் என்று அவர் எங்களையெல்லாம் கூட்டி வைத்துப் பேசினார். கடைசி வரிசையில் இருந்த, ஆடு வளர்க்கும் அக்கா எழும்பி நின்று, "அப்ப என்ர ஆடுகள் எப்பிடி மேயப் போறது? படலைக்கு ஒரு கார்ட் போடுவியளோ?" என்று கேட்டார். எல்லோரும் என் கணவரைப் பார்த்துச் சிரித்தார்கள். கூட்டம் அதோடு முடிந்தது. பிறகு ஆளாளுக்குத் தங்கள் வாசலில் ஒரு படலை போட்டுக்கொண்டோம். சில மாதங்களில் கழுதைகள் கொளுக்கியை மூக்கால் தூக்கப் பழகிக்கொண்டன.

தண்ணீரைப் பற்றி மட்டும் நாங்கள் யாரும் கவலைப்பட்டதில்லை. காணிகள் வீதிப்பக்கம் உயரம், தரவைப்பக்கம் பள்ளம். எங்கள் வீட்டுக்கு அடுத்திருந்த கடைசிக் காணி வெறுமையாகக் கிடந்தது. ஒழுங்கையில் விழும் மழையெல்லாம் எங்கள் முற்றத்தின் ஓரமாக வந்து, அந்தக் காணிக்குள் இறங்கித் தரவைக்குப் போய்விடும். யாரும் வெட்டிவிட்ட வாய்க்கால் அல்ல. அது போய்க்கொண்டிருந்தது, நாங்கள் இருந்தோம்.

அந்தக் கடைசிக் காணியைத்தான் நானா வாங்கினார். முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கும் சொல் அது; ஒழுங்கையில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டோம். அவருக்குச் சொந்த ஊர் கொண்டச்சி. தொண்ணூறாம் ஆண்டு புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது குடும்பத்தோடு புத்தளம் போனவர். அங்கே சைக்கிளில் துணி கட்டிக்கொண்டு ஊரூராக விற்றுப் பிள்ளைகளை வளர்த்து, அவர்களுக்குக் கலியாணமும் செய்து வைத்துவிட்டு, மனைவியோடு திரும்பி வந்திருந்தார். கொண்டச்சிக் காணி காடாகிக் கிடந்தது. தம்பியின் கடை மன்னாரில் இருந்ததால் எங்கள் ஒழுங்கையில் வீடு கட்டினார். அத்திவாரத்தை நன்றாக உயர்த்தி, எங்கள் யன்னல் மட்டத்துக்கு அவர்களுடைய விறாந்தை வரும்படி கட்டினார். அவருடைய மனைவியை நான் முதல் நாளே ராத்தா என்று கூப்பிட்டேன். அவர்களிடையே மூத்த சகோதரியை அப்படித்தான் அழைப்பார்கள். அவர் என்னைத் தங்கச்சி என்றார்.

ஆவணியில் குடிவந்தார்கள். புரட்டாதியில் புளொக் கல் வந்து இறங்கியது. மேசன்மார் நூல் பிடிப்பதைப் பார்த்ததும் போஸ்ட்மாஸ்டர் ஐயா எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"மதில் கட்டப்போறார் போல. தண்ணிக்கு வழி விடச்சொல்லி ஒரு சொல்லுச் சொல்லுவம். வாங்கோ," என்றார்.

நானும் கணவரும் அவரோடு போனோம். நானா கதிரை எடுத்துப் போட்டார். ராத்தா இஞ்சி போட்ட பிளேன்ரீ கொண்டுவந்து வைத்தார்.

"மதில் கட்டிறது உங்கட உரிமை, நானா," என்று போஸ்ட்மாஸ்டர் ஐயா தொடங்கினார். "அடியில ரெண்டு மூண்டு ஓட்டை விட்டியளெண்டால் மழைத்தண்ணி போயிடும். அவ்வளவுதான்."

நானா கோப்பையைக் கீழே வைத்தார். "இல்ல ஐயா. ஓட்டை விட ஏலாது."

கோபமாகச் சொல்லவில்லை. அவரே காரணத்தையும் சொன்னார்.

"இருவது வருஷத்துக்கு மேல கிடுகு அடைச்ச வீட்டுலதான் இருந்தம். நாய் வரும், ஆடு வரும், பக்கத்துல சண்டை புடிச்சா அது முழுக்க எங்கட வீட்டுக்குள்ள வரும். இவ குளிக்கிறத்துக்கு ஒரு சாரத்தப் புடிச்சிக்கிட்டு நான் வெளிய நிண்டிருக்கன். என்னைக்காவது ஒரு காணி வாங்கினா நாலு பக்கமும் முழு மதில் கட்டித் தாறன் எண்டு இவவுக்குச் சொன்ன நான். குறை நினைக்காதீங்க."

ராத்தா குசினி வாசலில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பினோம். திரும்பி வரும்போது கணவர் சொன்னார்: "அந்த மனுசன் சொல்லுறது எனக்கு விளங்குது. ஆனா தண்ணிக்கு விளங்காதே."

தரவைப்பக்கம் மட்டும் மிச்சம் இருக்க, மற்ற மூன்று பக்கமும் மதில் எழும்பியது. நல்ல மதில், நேராகப் பூசி, மேலே வரம்பு கட்டிய மதில். எங்களுக்கும் அவர்களுக்கும் இடையில் சண்டை ஒன்றும் வரவில்லை. ராத்தா ஆஸ்பத்திரிக்குச் சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்க வருவார். யன்னலுக்கு வெளியே நின்று, "தங்கச்சி, சுகமா?" என்பார். நானும் சுகம் என்பேன். ஆனால் இரண்டு பேருக்கும் நடுவில் மதில் நின்றது போலத்தான் இருந்தது.

ஐப்பசி மழை அவ்வளவாகப் பெய்யவில்லை. மணல் அதைக் குடித்துவிட்டது. அவர் கட்டினால் கட்டட்டும், ஒன்றும் ஆகாது என்று எங்களுக்கும் ஓர் ஆறுதல் வந்தது. கார்த்திகைக் கடைசியில் விடாமல் அடித்தது. குடித்துக் குடித்து நிலம் நிறைந்துவிட்டது. அந்தக் கிழமைதான் என் சின்ன மகளுக்குக் கொப்புளிப்பான் போட்டிருந்தது. உடம்பெல்லாம் கொப்புளம், காய்ச்சல், படுக்கையில் கிடந்து அனுங்கிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை. கணவர் காலை றெயிலோடு போய்விட்டார். நான் பூசைக்குப் போகவில்லை. மூத்தவளை வைத்துக்கொண்டு முற்றத்தைப் பார்த்தபடி நின்றேன்.

காலையில் கணுக்கால் அளவு நின்ற தண்ணீர் ஒரு மணியளவில் வாசற்படியை மூடியது. எப்போதும் ஓடிப்போகிற இடத்தில் மதில் நின்றதால் தண்ணீர் அதில் முட்டித் திரும்பி வந்துகொண்டிருந்தது. அரிசிச் சாக்கை மேசைக்கு மேல் தூக்கி வைத்தேன். மகளின் பாயைச் சுருட்டிவிட்டு அவளைக் கட்டிலில் ஏற்றினேன். என் பயம் வீடு நனைவது பற்றியல்ல. கிணற்றுக் கட்டு முழங்கால் உயரம்தான். மலசலகூடக் குழிகளும் நிறைந்திருந்தன. இந்தத் தண்ணீர் இன்னும் கொஞ்சம் ஏறிக் கிணறுகளுக்குள் விழுந்தால் ஒழுங்கையில் ஒரு வீட்டிலும் குடிக்கத் தண்ணீர் இராது. பிறகு எத்தனை பேர் என்னிடம் மருந்துக்கு வருவார்கள் என்பது எனக்குத் தெரியும்.

ஒழுங்கைக்குள் ஆட்கள் கூடிவிட்டார்கள். குடையோடு போஸ்ட்மாஸ்டர் ஐயா, உரப் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆட்டுக்கார அக்கா, எதிர்வீட்டு லொறிக்காரர். லொறிக்காரர் கையில் சம்மட்டி இருந்தது.

"என்னத்துக்குக் கதைச்சுக்கொண்டு நிப்பான்? ரெண்டு அடி அடிச்சால் சரி," என்றார் அவர்.

"தொடாதேயும்!" போஸ்ட்மாஸ்டர் ஐயா சத்தம் போட்டு நான் கேட்டது அன்று ஒருநாள்தான். "நாங்கள் உடைச்சால் அது தண்ணிக் கதையா இராது, தம்பி. நாளைக்கு வேற கதையாப் போயிடும்."

எல்லோருக்கும் விளங்கியது. எங்கள் ஊரில் இரண்டு பக்கத்தாரும் நெடுங்காலம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தவர்கள். இடையில் என்ன நடந்தது என்பதும் எல்லோருக்கும் தெரியும். கிறிஸ்தவ வேதக்காரர் சேர்ந்து முஸ்லிம் வீட்டு மதிலை உடைத்தார்கள் என்ற ஒரு செய்தி ஒழுங்கையைத் தாண்டிப் போனால் அதைத் திரும்பக் கூப்பிட முடியாது. லொறிக்காரர் சம்மட்டியைத் தண்ணீருக்குள் ஊன்றி வைத்தார். எல்லோருமாகப் போய் நானாவை இன்னொரு தடவை கேட்பதென்று முடிவானது. யார் முதலில் வாய் திறப்பது என்பதில்தான் இழுபறி. "நீங்கள் ஆஸ்பத்திரி ஆள், நீங்கள் சொன்னால் கேப்பார்," என்று என்னைப் பார்த்தார்கள். நான் போஸ்ட்மாஸ்டர் ஐயாவைப் பார்த்தேன்.

அப்போது மதிலுக்குள்ளிருந்து ணங் என்று ஒரு சத்தம் கேட்டது. மறுபடியும். மூன்றாம் நான்காம் அடியில் பூச்சு வெடித்து, மதிலின் அடிப்பக்கத்தில் அலவாங்கின் இரும்புக் கூர் எங்கள் பக்கம் எட்டிப் பார்த்தது. ஒரு புளொக் கல் புரண்டு விழுந்தது. அந்த இடைவெளியால் குனிந்து நானா எங்களைப் பார்த்தார். சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். தொப்பி நனைந்து தலையோடு ஒட்டியிருந்தது.

"என்ன எல்லாரும் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? அந்தப் பக்கத்தால அடிங்க!" என்றார்.

லொறிக்காரர் ஓடிப்போய் அடித்தார். உள்ளேயிருந்து அலவாங்கு, வெளியேயிருந்து சம்மட்டி. ஓர் ஆள் நுழையும் அகலத்துக்கு மதில் திறந்தபோது தண்ணீர் இரைந்துகொண்டு பாய்ந்தது. நானாவின் முற்றத்தைக் குறுக்கறுத்து, ராத்தா வைத்திருந்த மிளகாய் நாற்றுப் பாத்தியை அள்ளி, யாருடையதோ ஒரு செருப்பையும் இழுத்துக்கொண்டு தரவையை நோக்கிப் போனது. நானா இடுப்பில் கைவைத்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு வார்த்தை நன்றி சொல்ல வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது.

அந்தத் திறப்பு வழியாகவே ராத்தா முழங்கால் தண்ணீரில் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"புள்ளயத் தாங்க, தங்கச்சி. எங்கட வீடு உயரம். காய்ஞ்சு கிடக்கு."

"ராத்தா, பிள்ளைக்குக் கொப்புளிப்பான்."

"தெரியும். ரெண்டு நாளா குசினி யன்னலால பாத்துக்கிட்டுத்தான் இருக்கன். எங்கட வீட்டுல எல்லாருக்கும் வந்து போயிட்டுது. பயப்பிடாமத் தாங்க."

மகளைப் படுக்கை விரிப்போடு சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு போனார். மூத்தவள் புத்தகப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் நடந்தாள். அன்று பின்னேரம் நான் அங்கே போனபோது சின்னவள் வெள்ளைத் துணி விரித்த கட்டிலில், சுற்றிலும் வேப்பிலை போட்டு, நித்திரையாய்க் கிடந்தாள். மூத்தவள் சோறு தின்றுகொண்டிருந்தாள். எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் ஏறவில்லை. படியோடு நின்று வடிந்துவிட்டது.

என்ன நடந்ததென்று ராத்தாதான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே சொன்னார்.

"பகல் லுஹர் தொழுதிட்டு வந்து அவரும் யன்னலுக்குள்ளாலதான் பாத்துக்கிட்டு நிண்டாரு. நீங்க அரிசி மூட்டயத் தூக்கிறதும் தெரியுது, புள்ள அழுவுறதும் கேக்குது. நான் கேட்டன், இந்த மதில எனக்காகத்தானே கட்டின நீங்க எண்டு. ஓம் எண்டாரு. எனக்காகக் கட்டினதெண்டா இப்ப எனக்காக உடைங்க எண்டன்."

நானா விறாந்தையில் இருந்து தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். "அப்பிடிச் சொன்னா நான் என்ன செய்யிற? அலவாங்கு எங்க எண்டு கேட்டன்," என்றார். இருவரும் சிரித்தார்கள். அவர்கள் அப்படிச் சேர்ந்து சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

கணவர் மறுநாள் காலைதான் வந்தார். எங்கள் முற்றத்தில் படிந்திருந்த சேற்றைப் பார்த்தார், மதிலில் இருந்த ஓட்டையைப் பார்த்தார், ராத்தாவின் மடியில் மகள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தார். சேர்ட்டைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நானாவின் முற்றத்தில் இறங்கினார். அங்கே சேறு வாரி முடித்த பிறகுதான் எங்கள் முற்றத்துக்கு வந்தார்.

பள்ளத்தில் இருந்த சில கிணறுகளுக்குள் கலங்கல் இறங்கியிருந்தது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் குளோரின் தூள் வாங்கி வந்தேன். லொறிக்காரரின் மோட்டரால் ஒவ்வொரு கிணறாக இறைத்து, தூள் கலக்கிவிட்டோம். ஒரு கிழமை முழுக்க ஒழுங்கை ஆஸ்பத்திரி மாதிரி மணத்தது. ஒருவருக்கும் வயிற்றோட்டம் வரவில்லை. இதற்கு நான் யாருக்கு நன்றி சொல்வதென்று தெரியாமல் கோயிலில் ஒரு மெழுகுதிரி கூடுதலாக ஏற்றினேன்.

மழை விட்டதும் நானாவின் விறாந்தையில் கூடினோம். உடைந்ததை நாங்கள் எல்லோரும் சேர்ந்து கட்டித் தருவது, தண்ணீருக்குச் சரியான வாய்க்கால் ஒன்றும் போடுவது என்பதில் யாருக்கும் மறுப்பு இருக்கவில்லை. நானா தன் காணிக்குள், எங்கள் எல்லையோரமாக இடம் தந்தார். ஆனால் தரவைக்குள் இறங்குமிடத்தில் ஆட்டுக்கார அக்காவின் காணி மூலை குறுக்கிட்டது. சரியாக அந்த மூலையில்தான் ஆட்டுக் கொட்டில் இருந்தது.

"கொட்டிலை நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது? உங்கட தலையிலயோ?" என்று அக்கா கேட்டார். இரண்டு கூட்டம் அதிலேயே போனது. எடுத்துச் சொல்லி யாராலும் அவரை அசைக்க முடியவில்லை. கடைசியில், ஆண்கள் எல்லோருமாக அந்தக் கொட்டிலை அப்படியே தூக்கி மறுபக்கம் வைத்து, ஆடுகள் ஈரத்தில் படுக்காதபடி பலகைத் தளமும் அடித்துக் கொடுப்பதாகச் சொன்ன பிறகு சம்மதித்தார். தளம் அடித்து முடிந்ததும் ஏறி நின்று மிதித்துப் பார்த்து, "இது என்ர வீட்டை விட நல்லாயிருக்கு," என்றார்.

மதில் ஓட்டைக்கு ஒரு வழி கண்டுபிடித்தவர் ராத்தா. திறப்புக்கு இரும்புக் கம்பி போட்டு, அதற்கு உள்பக்கமாக இன்னொரு குட்டைச் சுவர் எழுப்பச் சொன்னார். தண்ணீர் சுற்றிப் போகும், வெளியே நிற்பவர் கண் உள்ளே போகாது. மேசன் தலையைச் சொறிந்தார். பிறகு கட்டினார். நானா சுற்றிவரப் பார்த்துவிட்டு, "அப்ப நான் சொன்ன சொல்லும் நிண்டிட்டுது," என்று மனைவியிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

அதற்குப் பிறகு எத்தனையோ மழைக்காலம் வந்து போய்விட்டது. சின்னவளின் முகத்தில் ஒரே ஒரு தழும்புதான். நோன்பு மாதத்தில் எங்கள் பிள்ளைகள் பின்னேரமானால் அந்த விறாந்தையில் போய் இருப்பார்கள், கஞ்சி வரும்வரை. நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மஸுக்கு, நான் பலகாரம் சுடும்போது ராத்தா வந்து அடுப்படியில் இருந்து, எனக்குப் பாகு பதம் தவறுவதைச் சொல்லிச் சிரிப்பார். இடையில் கணவருக்குக் கொழும்புக்கு மாற்றம் வந்தது. வீட்டை விற்றுவிட்டு எல்லோருமாகப் போவோமா என்று ஓர் இரவுச் சாப்பாட்டின்போது பேச்சு எடுத்தார். பேச்சை எடுத்தவரே, "அங்க பக்கத்து வீட்டில ஆர் இருப்பினமோ தெரியாது," என்று முடித்தும் விட்டார். இப்போது கிழமைக்கொரு தடவை வந்து போகிறார். அது கஷ்டம்தான். ஆனாலும் அவர் இல்லாத நாட்களில் நான் தனியாக இருக்கிறேன் என்று எனக்குத் தோன்றியதில்லை.

போன நத்தாருக்கு முன் வீட்டுக்குப் பெயின்ற் அடித்தோம். முன்பக்கத்துக்கு நிறம் தெரிவு செய்வதற்கு எங்கள் நான்கு பேருக்குள்ளும் பெரிய வாக்குவாதம். பக்கச் சுவரைப் பற்றி யாரும் பேசவில்லை. யோசித்துப் பார்த்தால் அந்தச் சுவரை நாங்கள் பார்ப்பதே இல்லை. உயரத்தில் இருக்கிற குசினி யன்னலால் நாள் முழுக்க அதைப் பார்ப்பது ராத்தாதான். பெயின்ற் கடை அட்டையை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன்.

"உங்கட வீட்டுச் சுவருக்கு என்னக் கேக்கிறீங்களே!" என்று சிரித்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அட்டையை வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொன்றாகப் பார்த்தார். நானாவையும் கூப்பிட்டுக் காட்டினார். நானா ஒன்றைச் சொன்னார், ராத்தா அதை வேண்டாமென்றார். கடைசியில் வெங்காயத் தோல் மாதிரி இருந்த ஒரு மெல்லிய ஊதாவில் விரல் வைத்தார்.

எனக்கு அந்த நிறம் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. கணவருக்கு அறவே பிடிக்கவில்லை. அடுத்த நாளே ஆளைக் கூப்பிட்டு அதையே அடித்தோம்.